நுண்மையும் ஒழுங்கும்: லேசர் எழுதும் புரதம்

புரதக் கரைசலுக்குள் லேசர் ஒளியைக் குவித்து, தலைமயிரினும் பலநூறு மடங்கு மெல்லிய கோடுகளைத் திண்மமாக வரையும் முறை அதன் நுண்மைக்காகவே பெரிதும் பாராட்டப்படுகிறது; அந்த நுண்மை மருத்துவத்துக்கு எங்கே பயன்படுகிறது என்ற கேள்வியோ பின்தங்கிவிடுகிறது. பொத்தேரியைப் போல் பொறியியல் கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் இயங்கும் இடங்களில் கட்டாயம் எழ வேண்டிய கேள்வி அது.

இம்முறைக்கு அடிப்படை 'இரு ஃபோட்டான் உட்கவர்தல்', அதாவது ஒரு மூலக்கூறு இரண்டு ஒளித்துகள்களை ஒருசேர உள்வாங்குதல். 1931இல் மரியா கோப்பெர்ட் மேயர் கோட்பாட்டளவில் விளக்கிய இந்நிகழ்வு ஒளி மிகச் செறிந்த குவியப் புள்ளியில் மட்டுமே நடப்பதால், ஃபெம்டோநொடித் துடிப்புகளாகப் பாயும் கதிர் தன் வழியில் எதையும் இறுக்காமல் அப்புள்ளியை மட்டும் இறுக்குகிறது. 2001இல் சத்தோஷி கவாட்டா குழுவினர் ஜப்பானில் 10 மைக்ரோமீட்டர் நீளமுள்ள காளையொன்றைச் செயற்கைப் பிசினில் இவ்வாறு வடித்தனர். புரதத்தில் எழுதும்போது ரோஸ் பெங்கால் போன்ற சாயமோ ரைபோஃப்ளேவின் வகைப் பொருளோ ஒளியை வாங்கி, அருகிலுள்ள புரத மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. கரிமக் கரைப்பானும் கடும் வெப்பமும் இன்றி நீரிலேயே இது நடந்தேறுவதால் நொதிகள் சில தம் செயலை இழக்காமலும் இருக்கின்றன. இதை இம்முறையின் தலையாய சிறப்பாகக் கொள்ளலாம்.

குறையோ ஆழமானது. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் முப்புரி அமைப்பை முன்வைத்தபோது, தோலுக்கும் தசைநாணுக்கும் வலிமை தரும் அப்புரதத்தின் ஆற்றல் அதன் ஒழுங்கில்தான் உள்ளது என்பது தெளிவாயிற்று. அம்முப்புரிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து ஏறத்தாழ 67 நானோமீட்டர் இடைவெளியில் வரியோடிய இழைகளாகின்றன. லேசரோ, கரைசலில் மிதக்கும் மூலக்கூறுகளை அவை எத்திசை நோக்கி நின்றாலும் அப்படியே முடிச்சிடுகிறது. வெளிவடிவம் துல்லியமாக அமைந்தாலும் உள்ளே ஒழுங்கு அமைவதில்லை.

காலமும் இடர்தான். பக்கவாட்டில் 0.2 மைக்ரோமீட்டர், அடுக்குக்கு அடுக்கு 0.5 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஒரு கன மில்லிமீட்டரை நிரப்ப வேண்டுமானால், லேசர் முனை வரைய வேண்டிய கோட்டின் மொத்த நீளம் 10 கிலோமீட்டர். பொத்தேரியில் மின்சார ரயிலேறியவர் சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டிவிடும் தொலைவு அது. நொடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் வரைந்தாலும் பதினொரு நாளுக்கு மேல் ஆகும், கிடைப்பதோ குண்டூசித் தலையினும் சிறிய துண்டு.

ஒளியால் புரதத்தைப் பிணைக்கும் வேதியியல் மருத்துவமனைக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது என்பதையும் இங்கே கருத வேண்டும். கருவிழி மெலிந்து கூம்பும் நோயில், ரைபோஃப்ளேவின் சொட்டிட்டுப் புறஊதா ஒளியைப் பாய்ச்சி, கருவிழிக் கொலாஜனை இறுக்குகிறார்கள். அங்கே நானோ அளவுத் துல்லியம் தேவைப்படவில்லை. இயற்கையே அடுக்கி வைத்த இழைகளின்மேல் ஒளி பட்டதே போதுமாயிற்று.

ஆகவே லேசர் எழுத்துக்கு இன்று உரிய இடம் உறுப்புகளை வார்ப்பதன்று. ஒரு செல் எந்த மேட்டைப் பற்றிக்கொண்டு எத்திசையில் நகர்கிறது என்பதைக் கண்ணாடித் தகட்டின்மேல் ஆராய்வதே. அதற்கு அப்பால் செல்ல விரும்புவோர், உடல் வெப்பநிலையில் தானாகவே இழையாகக் கோத்துக்கொள்ளும் கொலாஜனை முதலில் கோத்துக்கொள்ள விட்டு, பிறகு வேண்டிய இடத்தில் மட்டும் லேசரால் முடிச்சிடுவது பொருத்தமான வழி. அப்போதும் இழைகளுக்குள் தங்கிவிடும் சாயத்தைக் கழுவி அகற்றும் வேலை எஞ்சியிருக்கும்.