விரிப்பும் இருக்கையும்

ஒரு வீட்டின் கூடத்தைக் கொண்டே அவ்வீட்டாரின் விருந்தோம்பலை அளந்துவிடலாம். வெள்ளகோவில் வட்டாரத்தில் புதிதாக எழும் வீடுகளை அவ்வாறு அளந்து பார்க்கையில் நமக்கு நிறைவு ஏற்படவில்லை. கூடத்தை அடைத்துக்கொண்டு சோபா, எதிரே கண்ணாடி அலமாரி, நடுவே மேசை. ஐவர் அமர்ந்துவிட்டால் ஆறாமவர் நிற்க வேண்டியதுதான்!

சோபா நமக்கு அந்நியமானதன்று. அச்சொல்லே 'ஸுஃப்பா' என்னும் அரபுச் சொல்லின் வழியில் துருக்கி கடந்து ஐரோப்பா சென்றதாகும். விரிப்பிட்டு அமரும் மேடையை அது குறித்தது. மதீனாப் பள்ளிவாசலில் வீடற்ற தோழர்கள் தங்கியிருந்த நிழலிடத்திற்கும் ஸுஃப்பா என்றே பெயர். வழிப்போக்கனுக்கும் இடமளித்த நம் திண்ணைக்கு அது உறவு. ஐரோப்பிய மாளிகைகளில் அதற்குக் கால் முளைத்தது, மெத்தை ஏறியது, செல்வத்தின் அடையாளமாயிற்று. நாம் கைக்கொண்டதோ இப்பிற்கால வடிவத்தையே.

இதனோடு ஒப்பிட வேண்டியது, வெள்ளகோவிலுக்கு வடக்கே காவிரிக் கரையில் பிறந்த பவானி ஜமக்காளம். அகன்ற விரிப்பாயின், ஒரே தறியில் இருவர் அமர்ந்து நாடாவைக் கைமாற்றி நெய்வர். முரட்டுப் பருத்தி நூலில் நுண்ணிய உருவங்கள் எழா. எனவே அகன்ற வண்ணப் பட்டைகளையே நெசவாளர் அழகாக்கினர். நூலின் குறையே கலையின் சிறப்பாக மாறிற்று. விரித்தால் கூடம் முழுதும் இருக்கை. சுருட்டினால் ஒரு மூலை போதும். நிக்காஹ் மஜ்லிஸில் செல்வரும் எளியவரும் தோளோடு தோள் அமர்ந்ததும் இதன்மீதுதான்.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே உரியதாக்கியது. 2005-06இல் புவிசார் குறியீடும் கிட்டியது. ஆயினும் விசைத்தறிப் போலிகள் பவானியின் பெயரிலேயே விலைபோகின்றன. கிழக்கே கரூர்த் தறிகள் அயல்நாட்டு இல்லங்களுக்கு மேசை விரிப்பும் திரைச்சீலையும் நெய்து அனுப்புகின்றன. பிறர் கூடங்களை அழகு செய்யும் இவ்வட்டாரம், தன் கூடத்திற்கு உரியதை மறக்கலாமா?

முதியோர்க்கும் முழங்கால் நோவுடையோர்க்கும் நாற்காலி இன்றியமையாதது. அதனை நாம் மறுக்கவில்லை. கூடத்தில் இரண்டு நாற்காலிகள் இருக்கட்டும். எஞ்சிய தரை வருவோருக்காகக் காத்திருக்கட்டும். ஜமக்காளம் வாங்குவோர் அதன் விலையை மட்டும் கேளாமல், அது கைத்தறியா என்றும் கேட்கட்டும். அக்கேள்வி பெருகாதவரை, சட்டம் மட்டும் அந்தத் தறியைக் காத்துவிடாது.