சிறுத்தைப் பல்லியை ரசிப்பது எப்படி?

கடைகளில் லெப்பர்ட் கெக்கோ என்ற பெயரில் விற்கப்படும் சிறுத்தைப் பல்லியை வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே சொல்லும் குறை ஒன்று உண்டு: ‘இது ஒன்றுமே செய்ய மாட்டேன் என்கிறது.’ பகலெல்லாம் ஒளிந்து கிடக்கிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, நாயைப் போல வாசலுக்கு ஓடி வருவதில்லை. இந்தக் குறைக்குப் பல்லி பொறுப்பில்லை. ஒரே சூடு, ஒரே பொந்து, மூலையில் ஒரு தீனிக் கிண்ணம் என்று அடைத்து வைத்த பிராணிக்குச் செய்வதற்கு என்ன மிச்சமிருக்கிறது? இதன் அழகு நம்மிடம் காட்டும் பிரியத்தில் இல்லை. மேல்தோலின் நிறத்தில்கூடப் பெரும்பகுதி இல்லை. எங்கே போவது, எப்போது கிளம்புவது, எவ்வளவு நேரம் தங்குவது என்று அது தானாக எடுக்கும் முடிவுகளில்தான் இருக்கிறது. முடிவெடுக்க இடம் கொடுத்தால்தான் பார்ப்பதற்கு ஏதாவது கிடைக்கும். அதனால் இதை ஒழுங்காக வளர்ப்பதும் இதை ரசிப்பதும் ஒரே வேலை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் இதன் சொந்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம் ஆகிய பகுதிகளின் வறண்ட நிலத்தில் இது வாழ்கிறது. கல்கத்தாவில் ஆசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் 1854-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். வறண்ட நிலம் என்றதும் பலர் மணல்மேடுகளைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். உண்மையில் இது கல்லும் இறுகிய மண்ணும் முட்புதரும் கலந்த பூமியின் பிராணி. கோடையில் பாறை கொதிக்கும், குளிர்காலத்தில் உறையும் அளவுக்குக் குளிரும். பகலில் பாறையிடுக்கில் பதுங்கி, அந்தி சாய்ந்ததும் சூடு தணியாத கல்மேல் வயிற்றை வைத்துக் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வேட்டைக்குக் கிளம்புவதுதான் இதன் வாழ்க்கை. அந்தப் பக்கத்து மக்களில் பலர் இதைக் கொடிய விஷப் பிராணி என்று நம்பி அடித்துக் கொல்கிறார்கள். இதற்கு விஷம் துளியும் கிடையாது.

நம் வீட்டுச் சுவரில் திரியும் பல்லியை மனதில் வைத்துக்கொண்டு இதன் முகத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் வித்தியாசங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். சுவர்ப்பல்லிக்கு இமை கிடையாது. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கு அசையும் இமை உண்டு. வெண்ணிற விளிம்போடு அது மெதுவாக மூடித் திறக்கும், தூங்கும்போது முழுக்க மூடியிருக்கும். சுவர்ப்பல்லியின் விரலடியில் ஒட்டும் தகடுகள் இருக்கின்றன. இதற்கு அவை இல்லாமல் வெறும் நகம்தான் என்பதால் கண்ணாடியில் ஏற முடியாது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் காதுத் துவாரத்துக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் இருக்கும் கோணத்தில் பார்த்தால், ஒரு காதில் நுழைந்த ஒளி மறு காது வழியே வெளியே வருவது தெரியும். வாலின் தடிமன் கொழுப்புச் சேமிப்பு. இரை கிடைக்காத மாதங்களை அதை வைத்துத்தான் கடத்துகிறது. கழுத்தை விட வால் தடித்திருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். வாலை ஒரு முறை இழந்த பல்லிக்கு மறுபடி வளரும் வால் கிழங்கு போல உருண்டு, பழைய வளையக் கோடுகள் இல்லாமல் இருக்கும். உள்ளே முள்ளெலும்புக்குப் பதில் குருத்தெலும்புதான் வளரும். ஒரு பல்லியின் பழைய ஆபத்தை அதன் வாலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இனி வெப்பம். வளர்ப்பில் மிக முக்கியமானதும், ரசிக்கத் தெரிந்தவருக்கு அதிகம் காட்டுவதும் இதுதான். இந்தப் பிராணி தன் உடம்புக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்துதான் வாங்குகிறது. ஆகவே தொட்டி முழுக்க ஒரே அளவாகச் சூடேற்றினால், ஒரு உயிர் தன் வாழ்நாளில் மிகுதியாக எடுக்கும் முடிவை நாம் பறித்துவிடுகிறோம். மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டியில், ஒரு கோடியில் தரையின் மேற்பரப்பு 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும், மறு கோடி 24, 25 டிகிரியில் இருக்கட்டும். சூட்டை வெப்ப விளக்கு தந்தாலும் அடியில் வைக்கும் ஹீட் மேட் தந்தாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைக்கவே கூடாது. கட்டுப்பாடு இல்லாத மேட் வயிற்றுத் தோலைச் சுட்டுவிடும். சூடான பக்கம் ஒரு பொந்து, குளிர்ந்த பக்கம் ஒரு பொந்து, நடுவே ஈரப் பாசியோ ஈரத்தாளோ போட்ட மூன்றாவது பொந்து ஒன்று வேண்டும். சூட்டுப் பக்கம் மட்டும் பொந்து வைத்தால் பல்லி ஒளிவுக்காக வெப்பத்தைச் சகித்துக்கொள்ளும் அல்லது குளிர்ச்சிக்காகப் பாதுகாப்பைக் கைவிடும். இரண்டு பக்கமும் வைத்த பிறகு அது போகும் இடத்துக்கு அர்த்தம் வந்துவிடுகிறது. வயிறு நிறைய தின்ற இரவு சூடான கல்மேல் வயிற்றை அழுத்திப் படுத்திருந்தால் செரிமானம் நடக்கிறது. எந்நேரமும் குளிர்ந்த மூலையிலேயே கிடந்தால் சூட்டுப் பக்கத்தின் அளவைச் சோதியுங்கள். ஈரப் பொந்துக்குள் போய் வெளியே வராமல் இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது.

இதற்கு அனுபவசாலிகளிடமிருந்தே ஒரு மறுப்பு வரும். பல பத்தாண்டுகளாக இனப்பெருக்கம் செய்பவர்கள் இவற்றைப் பிளாஸ்டிக் டிராயர்களில், அடியில் ஒரு காகிதத்தை விரித்து, ஒரு பொந்தோடு வளர்க்கிறார்கள். அவை தின்கின்றன, முட்டை இடுகின்றன, நீண்ட நாள் வாழ்கின்றன. அப்புறம் எதற்கு இத்தனை ஏற்பாடு? அந்த முறையில் சுத்தம் எளிது, நோய்வாய்ப்பட்ட பல்லியைத் தனியே கண்காணிக்கவும் புதிதாக வந்ததைச் சில வாரம் வைத்துப் பார்க்கவும் அதைவிட நல்ல வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முட்டை இடுவது நன்றாக வாழ்வதற்குச் சான்று ஆகாது, கூண்டுக் கோழியும்தான் முட்டை இடுகிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் சிறுத்தைப் பல்லிகளுக்கு வெப்பம், தீனி, மணம், பொருள், காட்சி என்று ஐந்து வகையில் சூழலை வளப்படுத்திப் பார்த்தார்கள். அவை அவற்றுக்கு எதிர்வினை காட்டின. அதிலும் வெப்பத்தையும் தீனியையும் சார்ந்த மாற்றங்களில் கூடுதல் ஈடுபாடு தெரிந்தது. எளிய பிராணிக்கு எளிய பெட்டி போதும் என்ற வாதம் அங்கே நிற்கவில்லை. டிராயரில் இருக்கும் பல்லி எதுவும் செய்யாததற்குக் காரணம் அதன் இயல்பு அல்ல, அந்த டிராயர்தான்.

தரைக்கு என்ன போடுவது என்பதில் சண்டை ஓயாது. புதியவர் சமையலறைக் காகிதத் துண்டிலோ கல் ஓட்டிலோ தொடங்கட்டும். கழிவைப் பார்ப்பது எளிது, பெரும்பாலும் ஒரே மூலையில்தான் இருக்கும். கடையில் விற்கும் கால்சியம் மணலை மட்டும் வாங்காதீர்கள். அதை நக்கித் தின்னும் குட்டிகளுக்குக் குடல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. வெப்பமும் ஊட்டமும் சரியான பிறகு மண்ணும் மணலும் கலந்த இறுகிய தரைக்கு மாறினால் அது தோண்டுவதைப் பார்க்கலாம்.

தீனி நேரம்தான் இந்தப் பிராணியின் உச்சக் காட்சி. அதைக் கிண்ணத்தில் புழுவைக் கொட்டி முடித்துவிடுவது பெரிய இழப்பு. கல்லிடுக்கில் ஒரு சுவர்க்கோழியை விடுங்கள். பல்லி முதலில் தலையை மட்டும் சாய்க்கும். பின் முன்காலை ஊன்றி உடம்பைத் தூக்கி, ஒவ்வோர் அடியாக வைத்து நெருங்கும். கடைசி நொடியில் வால் நுனி படபடவென்று துடிக்கும், அடுத்த கணம் பாய்ச்சல். இதே வால் நிதானமாக, அலைபோல மேலே எழுந்து ஆடினால் அர்த்தம் வேறு: மிரண்டிருக்கிறது, விலகிப் போங்கள். இரண்டு ஆட்டங்களையும் பிரித்தறியத் தெரிந்தவருக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. பூச்சியின் அளவு பல்லியின் இரண்டு கண்களுக்கு இடையிலான அகலத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறையும் போதும். பூச்சிக்கு முதல் நாளே கீரையும் காய்கறியும் கொடுத்து, கால்சியம் பவுடரில் புரட்டிப் போட வேண்டும். சுவர்க்கோழியோ மீல்வார்ம் புழுவோ தனியாகக் கால்சியம் தராது. அது குறைந்தால் தாடை மென்மையாகும், கால்கள் வளையும், அப்படி வளைந்தவை முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ‘இரவுப் பிராணிக்குப் புற ஊதா விளக்கு எதற்கு?’ என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 2018-இல் வெளியான ஆய்வில், தினமும் கொஞ்ச நேரம் புற ஊதா-பி ஒளி கிடைத்த சிறுத்தைப் பல்லிகளின் ரத்தத்தில் வைட்டமின் டி அளவு கூடியது தெரிந்தது. மாவாகக் கிடைக்கும் டி3 மட்டுமே வழி என்பது இனி செல்லாது. குறைந்த வீச்சுள்ள விளக்கு ஒன்றை ஒரு பக்கம் மட்டும் போட்டு, நிழலையும் வையுங்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை அதுவே முடிவு செய்யும்.

பகலெல்லாம் தூங்குவதை ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தவறான நேரத்தில் பார்க்கிறார்கள். தொட்டி விளக்கு அணைந்த முதல் ஒரு மணி நேரம்தான் இதன் காலைப்பொழுது. அறையின் ஓரத்தில் ஒரு மங்கல் விளக்கு போதும், தொட்டிக்குள் வண்ண விளக்கு வேண்டாம். வேலைக்குப் போய் வருபவருக்கு, பகலில் விழித்திருக்கும் கிளியைவிட மாலையில் விழிக்கும் இந்தப் பிராணிதான் பொருத்தமானது என்றே நான் நினைக்கிறேன்.

கையில் எடுப்பது பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பல்லியைக் காட்டி ‘இதற்கு என்னைப் பிடிக்கும்’ என்பவர்கள் உண்டு. கை சூடாக இருக்கிறது என்பதும், ஆபத்து இல்லை என்று பழகிவிட்டது என்பதும் போதுமான விளக்கங்கள். அந்தப் பழக்கம் சிறிய விஷயமல்ல, ஆனால் அதைப் பாசம் என்று பெயரிட்டால் அது விலக நினைக்கும்போது நாம் கவனிக்கத் தவறுவோம். முதல் இரண்டு வாரம் தொடவே வேண்டாம். பிறகு தொட்டிக்குள் கையைத் தரையோடு வைத்துக் காத்திருங்கள். நாக்கை நீட்டி விரலை நக்கிப் பார்த்து, ஏறினால் ஏறட்டும். மேலிருந்து பிடித்துத் தூக்குவது பருந்து செய்யும் வேலை. மிரட்சி முற்றினால் வாலைக் கழற்றிப் போட்டுவிடும், கழன்ற வால் தரையில் தனியாகத் துள்ளும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக் கூடியவை, வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதில் சலுகையே கூடாது.

நிறத்துக்காக வாங்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மரபணுத் தேர்வால் உருவான ரகங்களில் சில கண்ணைப் பறிக்கின்றன என்பது உண்மை. ஆனால் எலுமிச்சை மஞ்சளில் மின்னும் ‘லெமன் ஃப்ராஸ்ட்’ ரகத்தின் நிறத்துக்குப் பின்னால் தோல் கட்டி இருந்தது. நிறத்தையும் கட்டியையும் ஒரே மரபணுவோடு தொடர்புபடுத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. ‘எனிக்மா’ ரகத்தில் பல பல்லிகள் தலையைச் சாய்த்தபடி சுற்றிச் சுற்றி வருகின்றன, இரையைக் குறி வைத்துப் பிடிக்க முடியாமல் தவிக்கின்றன. வேட்டையாடத் தெரியாத பல்லியில் ரசிக்க என்ன மிஞ்சும்? சாதாரண நிறம் கொண்டதையே வாங்குங்கள். குட்டியில் அகலமான கறுப்பு, மஞ்சள் பட்டைகள் இருக்கும். மாதங்கள் போகப் போகப் பட்டை உடைந்து புள்ளிகளாகச் சிதறும். மாதம் ஒரு முறை போலத் தோல் வெளுத்து, சட்டையை வாயால் உரித்து அதையே தின்றுவிட்டுப் புது நிறத்தோடு வரும். அன்று விரல் நுனிகளைப் பாருங்கள், அங்கே தோல் ஒட்டியிருந்தால் ரத்த ஓட்டம் நின்று விரல் உதிரும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் நிற்க விட்டு, ஈரப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால் கழன்றுவிடும்.

கடைசி மறுப்பு நியாயமானது: முடிவெடுக்கும் உரிமையை இவ்வளவு மதிப்பவர் அதை ஏன் தொட்டியில் வைக்க வேண்டும்? காட்டிலிருந்து பிடித்ததாக இருந்தால் இதற்குப் பதிலே இல்லை, வாங்கக் கூடாது. இந்தியாவிலேயே இதன் உறவினங்கள் பல இருக்கின்றன. சத்புரா மலையின் இனம் 2014-இலும், ஆந்திரா, ஒடிசா பக்கத்து இனம் 2022-இலும்தான் அறிவியலுக்கு அறிமுகமாயின. அவற்றைக் கண்டால் படம் எடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். சிங்கப்பூரில் சிறுத்தைப் பல்லி வளர்க்கவே அனுமதி கிடையாது. மற்ற ஊர்களில் இருப்பவர்களும் சட்டத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பல தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்தவற்றைக் காட்டில் விடவும் முடியாது. அவற்றுக்கு நாம் தரக்கூடியது நல்ல தொட்டி ஒன்றுதான், அதையும் பதினைந்து இருபது ஆண்டுகள் தர வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு வாங்கித் தரும் பல்லியை அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகும் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குச் சம்மதம் என்றால் மாலையில் போய்ப் பாருங்கள், பகலில் போனால் தூங்கும் பல்லியைத்தான் காட்டுவார்கள். ஒரு பூச்சியைப் போடச் சொல்லுங்கள். கண் இரண்டும் திறந்து தெளிவாக இருக்கிறதா, எல்லா விரல்களும் இருக்கின்றனவா, வால் தடித்திருக்கிறதா, இரையை நோக்கிப் போகும்போது வயிறு தரையில் உரசாமல் நான்கு காலையும் ஊன்றி நடக்கிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.