எண்பதுகளின் பாடல்களும் நாம் எழுதாமல் விட்டவையும்

அண்மைக் காலமாக நமது எழுத்தாளர்களின் நினைவுக் கட்டுரைகளில் எண்பதுகளின் பாடல்கள் அடிக்கடி ஒலிக்கின்றன. கவிதைத் தொகுதியின் முன்னுரை, சிறுகதையின் பின்னணி, விழா மலரின் ஒரு பக்கம் என எங்கு பார்த்தாலும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வர்த்தக சேவை வருகிறது. பி.எச். அப்துல் ஹமீதின் குரல் வருகிறது. இளையராஜாவின் மெட்டும், முஸ்லிம் சேவையில் கேட்ட நாகூர் ஈ.எம். ஹனிபாவும் வருகின்றனர். வாசிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இவற்றை ஒன்றுசேர்த்து வாசிக்கும்போது ஒரு குறை தென்படுகிறது. அதைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இவ்வெழுத்துக்களின் நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 1976இல் 'அன்னக்கிளி'யுடன் வந்த இளையராஜா, எண்பதுகளில் தமிழ்க் காதுகளை முழுமையாக ஆட்கொண்டார். 'மூன்றாம் பிறை', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டுமே 1982இல் வந்தவை. மாத்தளை நகருக்குப் போய்ப் படம் பார்க்க வழியில்லாத கிராமத்துப் பிள்ளைக்குப் படத்தை விடப் பாட்டே முதலில் வந்தது. கதாநாயகன் யாரென்று தெரியாமலே எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைக் காதலித்த தலைமுறை அது. திரையிலிருந்து பாட்டைப் பிரித்துத் தனிக் கலையாக நமக்குத் தந்தது வானொலிதான். இதை நம்மவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் எழுதாமல் விட்டது என்ன?

நான் பல்லேபொலயில் வளர்ந்தவன். சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் பிரதேசம் அது. எங்கள் காதுகளுக்கு இரண்டு மொழிகளிலும் பாட்டு வந்தது. வீட்டில் வானொலி தமிழ் பேசும். வாசலைத் தாண்டினால் பஸ்ஸிலும் தேநீர்க் கடையிலும் மிளகு நிறுக்கும் கடையிலும் எச்.ஆர். ஜோதிபால, மில்டன் மல்லவாராச்சி, கிளாரன்ஸ் விஜேவர்தன. கல்யாண வீட்டில் பெரியவர்கள் உறங்கப் போனபின் இளவட்டங்கள் பாடியது ஜிப்சீஸ் குழுவின் பைலாதான். அர்த்தம் பாதி விளங்காத வயதிலேயே அவற்றின் வரிகள் எங்களுக்கு மனப்பாடம். மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கத்து முஸ்லிம் வாசகர்கள் இதை மறுக்கமாட்டார்கள். ஆயினும் நமது நினைவுக் கட்டுரைகளில் ஜோதிபாலவின் பெயரைத் தேடிப் பாருங்கள். 1987 ஜூலையில் அவர் மறைந்தபோது எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் முஸ்லிம்களும்தான் துக்கப்பட்டார்கள். அந்தத் துக்கம் தமிழில் எழுதப்படவில்லை.

'அது அவர்களுடைய பாட்டு' என்று சொல்லித் தப்பவும் முடியாது. சிங்களத் திரைப்பாடல் உருவான வரலாற்றில் நமது பங்கு மிகப் பெரியது. 1947இல் வெளிவந்த 'அசோகமாலா'வுக்கு இசையமைத்தவர் முகம்மது கவுஸ். அதில் பாடிய மொஹிதீன் பேக் சேலத்தில் பிறந்து இங்கு வந்து குடியேறிய முஸ்லிம். 1991இல் அவர் மறைந்தார். அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் காலத்தில் ஒலிக்கின்றன. சிங்களப் படங்கள் பலவற்றுக்கு இசை தந்த ஆர். முத்துசாமி தமிழர். ஜோதிபாலவின் பாடல்களில் எத்தனையோ ஹிந்தி மெட்டுக்கள். நமது இஸ்லாமியப் பாடல்கள் சிலவும் அதே ஹிந்தி மெட்டுக்களில்தான் நடந்தன. மெட்டுக்களுக்கு வேலி இருக்கவில்லை. வேலி பின்னர் நமது எழுத்தில்தான் போடப்பட்டது.

இதற்குக் காரணங்கள் உண்டு. தமிழில் எழுதும்போது நமது கண் தமிழகத்தை நோக்கியே இருக்கிறது. அங்குள்ள வாசகருக்குத் தெரிந்த பாட்டையே நாமும் நினைவுகூர்கிறோம். இன்னொரு காரணம் கசப்பானது. 2014இல் அளுத்கமை, 2018இல் திகன, 2019இன் உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னர் நடந்தவை என்பவற்றைக் கண்டவர்களுக்குச் சிங்களப் பாட்டை நேசித்த கதையைச் சொல்ல நா எழுவதில்லை. சொன்னால் ஏமாளி என்பார்களோ என்ற தயக்கம்.

அத்தயக்கம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து மௌனமல்ல. எண்பதுகள் பொற்காலமும் அல்ல. 1983 ஜூலையில் மாத்தளையிலும் தமிழரின் கடைகள் எரிந்தன. 1987-89 கிளர்ச்சிக் காலத்தில் இந்தியப் பொருட்களைப் புறக்கணிக்கும்படி ஜே.வி.பி. கட்டளையிட்டபோது, எங்கள் பக்கத்துக் கடையில் தமிழ்ப் பாட்டின் சத்தம் தானாகவே தணிந்தது. இருட்டு முன்னமே விழுந்த அந்த இரவுகளில் வானொலியைக் காதோடு வைத்துத்தான் கேட்டோம். இளையராஜாவைப் பற்றிய நமது இனிய கட்டுரைகளில் இந்தத் தணிந்த சத்தமும் இல்லை. இனிமையை மட்டும் பொறுக்கி எடுத்தால் கிடைப்பது பாட்டுப் பட்டியல், இலக்கியமாகாது.

எது இலக்கியமாகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எண்பதுகளில் எங்கள் பக்கத்திலிருந்து பலர் மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனார்கள், தாய்மார்களும் போனார்கள். எழுதத் தெரியாதவர்கள் கசட்டில் பேசி அனுப்புவார்கள். புதுக் கசட் வாங்கக் காசில்லாத வீட்டில், பாட்டுப் பதிந்த பழைய கசட்டின் மேலேயே பதில் பேசப்படும். "உம்மா, நாங்க நல்லா இருக்கோம், நீங்க எப்ப வாறீங்க" என்று பிள்ளை பேசி முடித்ததும், அழியாமல் எஞ்சிய இடத்தில் ஜோதிபாலவின் பாட்டு நடுவிலிருந்து தொடங்கும். குவைத்தில் எவருடைய வீட்டுச் சமையலறையிலோ இருந்த ஒரு தாய், பிள்ளையின் குரலையும் அந்தச் சிங்களப் பாட்டையும் சேர்த்தே கேட்டிருப்பாள். அவளுக்கு அவை இரண்டும் ஊர்தான். நமது சிறுகதைகளில் அந்தக் கசட் எங்கே?

இளையராஜாவையும் ஹனிபாவையும் குறைத்து எழுதும்படி நான் கேட்கவில்லை. ஒரு காது கேட்டதை மட்டும் எழுதிவிட்டு அதை நமது இளமை என்று சொல்லக்கூடாது என்பதே என் வாதம். வேறெங்கும் வாழும் தமிழ் வாசகனுக்குக் கிடைக்காத அனுபவம் நமது மற்றக் காதில் இருக்கிறது. அப்படிக் கேட்டவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள்; கசட்டுகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எழுத வேண்டியவர்கள் இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.