துடுப்பு யார் கையில்?

நாடு ஏன் இப்படிக் கிடக்கிறது என்று எவரைக் கேட்டாலும், நல்ல தலைவன் வாய்க்கவில்லை என்று பெருமூச்செறிவர். தேநீர்க் கடையிலே பேச்சு அதுதான். திருமண வீட்டுத் திண்ணையிலும் அதுவேதான். நமக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். கடல் கடந்து, ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்கே, நைஜீரிய நாட்டிலேயும் இதே பெருமூச்சு எழுந்தது. அதை ஒரு நூலாகவே எழுதினார், உலகம் அறிந்த எழுத்தாளர் சினுவா அச்சிபி. 1958-இல் அவர் எழுதிய நாவல், 'சிதைவுகள்' என்ற பெயரிலே தமிழுக்கும் வந்து சேர்ந்தது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது அந்தப் புதினத்தையல்ல. 1983-இல் அவர் வெளியிட்ட 'நைஜீரியாவின் தொல்லை' எனும் சிறு நூலை. அதைப் பழவேற்காட்டு ஏரிக்கரையிலே வைத்துப் படித்துப் பார்க்க விரும்புகிறோம்.

ஏன் பழவேற்காடு? காரணம் உண்டு. ஏட்டிலே 'வளர்ச்சி' என்றும், மேடையிலே 'தலைமை' என்றும் முழங்கப்படும் இரண்டு சொற்களும், அங்கே வலையிலும் உலையிலும் வந்து நிற்கின்றன.

முதலில் நூலைப் பார்ப்போம். 1960 அக்டோபர் முதல் நாளில் விடுதலை பெற்ற நாடு நைஜீரியா. நிலம் உண்டு, நீர் உண்டு, எண்ணெய் உண்டு, கற்றோர் உண்டு. இருந்தும் ஏன் இல்லாமை? மண்ணையோ மக்களின் இயல்பையோ பழிப்பதற்கில்லை, தலைமையே தவறிற்று என்று தயக்கமின்றித் தீர்ப்பளிக்கிறார் அச்சிபி. இனப்பற்று எனும் வெறி, ஊழல், ஒழுங்கின்மை, கண்ணை மறைக்கும் வெற்றுப் பெருமை ஆகிய ஒவ்வொன்றையும் உரித்துக் காட்டுகிறார். வடபுலத்து ஏழைகளுக்காக வாழ்ந்த அமினு கானோவை முன்மாதிரியாக நிறுத்துகிறார். சொல்லிலே துணிவு இருக்கிறது; சொந்த இனத்தாரைக் கடிந்துகொள்ளும் நேர்மையும் இருக்கிறது. தேர்தல் வேளையிலே வந்த நூல் அது. அந்த ஆண்டின் கடைசி நாளிலே, டிசம்பர் 31-இல், படைத்தலைவர்கள் ஆட்சியைப் பறித்துக்கொண்டனர்!

ஆனால் நூலின் குறையும் அந்தத் தீர்ப்பிலேயே குடியிருக்கிறது. கெட்ட தலைவன் கெடுத்தான் என்றால், நல்ல தலைவன் வந்து திருத்துவான் என்பது தானாகவே தொடரும். அவன் எங்கிருந்து வருவான்? எவர் அனுப்புவார்? வந்தவன் கெட்டால் எவர் இறக்குவார்? இந்தக் கேள்விகளின் வாயிலிலேயே நூல் நின்றுவிடுகிறது. பாராட்டப்பட்ட அமினு கானோவும் அதே 1983-இல் மறைந்துவிட்டார். ஒரு மனிதரிலே குவித்து வைத்த நம்பிக்கை, ஒரு மூச்சிலே முடிந்துபோகும் நம்பிக்கை அன்றோ!

நாம் மட்டும் வேறென்ன செய்தோம்? 1964-இல் 'படகோட்டி' வந்தது. பகைத்து நிற்கும் மீனவர் குடிகள், அந்தப் பகையிலே பணம் பெருக்கும் செல்வன், இருசாராரையும் இணைக்க ஒரு நாயகன். கதை பொல்லாததன்று, பகையை வளர்ப்பவன் எவன் என்று விரல் நீட்டிக் காட்டியதற்காகவே அதைப் போற்றலாம். ஆயினும், குப்பத்தார் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வரும் காட்சியைக் காட்டிலும், நாயகன் வந்து முடிவு சொல்லும் காட்சிக்கே அரங்கம் அதிர்ந்தது. 1977-இல் 'மீனவ நண்பன்' வெளிவந்தது, நடித்த எம்.ஜி.ஆர். அவ்வாண்டே முதலமைச்சரானார். திரைக்கும் கோட்டைக்கும் இடையே இருந்த தூரத்தை மக்களின் அன்பு கடந்துவிட்டது. ஏரிக்கும் கோட்டைக்கும் இடையே உள்ள தூரமோ, ஐம்பது கல்லுக்கும் குறைவானதுதான். அதைக் கடப்பதுதான் அரிதாக இருக்கிறது.

ஏரியைப் பற்றிச் சில சொற்கள். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலே பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்கோடி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொண்டுவரும். முகத்துவாரம் வழியே கடல் உள்ளே வரும். 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். துணி மட்டுமா ஏற்றுமதியாயிற்று? பஞ்சத்திலே விலைபோன மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேறினர். 'வணிகம் வளர்ந்த காலம்' என்று அதை வரலாற்று நூல்கள் வருணிக்கும். வளர்ச்சி எனும் சொல்லைக் கேட்டதும் எவருடைய வளர்ச்சி என்று கேட்கும் உரிமை, இந்தக் கரைக்கு நானூறு ஆண்டு பழையது.

அங்குள்ளோர்க்கு முகத்துவாரமே மூச்சு. கோடையிலே மணல் திரண்டு வாய் அடைபட்டால், இறால் குஞ்சு உள்ளே வராது; படகு வெளியே போகாது; நீர் வற்றி உப்பு ஏறும். வாய் திறந்திருந்தால் அடுப்பு எரியும். வெட்டிக் கொடுங்கள், நிலையாகத் திறந்திருக்க இருபுறமும் கல்லால் கரை கட்டுங்கள் என்று தலைமுறைக் கணக்கிலே கேட்டு வந்தனர். ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டனர்; ஒவ்வொரு வேட்பாளரும் தலையசைத்தனர். இருபதாம் நூற்றாண்டு முடிந்து, இருபத்தொன்றிலும் இரண்டு பத்தாண்டுகள் கழிந்த பிறகே கல்கரைத் திட்டம் அரசின் கைக்கு வந்தது. இதே காலத்திலே, தெற்கே சில கல் தொலைவிலே, எண்ணூரில் பெருந்துறைமுகம் 2001-இல் எழுந்தது. காமராசர் பெயரும் அதற்குப் பின்னர் சூட்டப்பட்டது. காட்டுப்பள்ளியிலே மற்றொரு துறைமுகமும் எழுந்தது. கப்பலுக்கு ஆழம் தோண்டப் பணம் இருந்தது. கட்டுமரம் வெளியேற ஒரு வாய்க்கால் திறக்கத்தான் பத்தாண்டுகள் பல வேண்டியிருந்தன.

இனி, அந்த மக்களிடமே இருந்த ஓர் ஆட்சிமுறையைக் காண்போம். இதற்காகவே ஏரிக்கரைக்கு வந்தோம். 'பாடு' என்பர் அதனை. முகத்துவாரத்தை அடுத்த நீரிலே, கழி நட்டு வலை கட்டி இறால் பிடிக்கத் தக்க இடங்கள் சிலவே உண்டு. எல்லோரும் ஒரே நாளில் பாய்ந்தால் எவருக்கும் மிஞ்சாது. ஆகவே இடத்தையும் நாளையும் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டனர். இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை நகர வேண்டும். இன்று ஒதுங்கியவனுக்கு நாளை நல்ல இடம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை இம்முறைக்குப் பெயர் பெற்ற ஊர்கள். இலங்கையில் நீர்கொழும்பு ஏரியிலும் இதையொத்த ஏற்பாடு உண்டு. இங்கே நாயகன் எவன்? ஒருவனுமில்லை! நல்ல இடம் எவனுக்கும் நிலையான சொத்தில்லை. முறை முடிந்தால் எழுந்து இடம் விட வேண்டும். பதவியில் அமர்ந்தவர் எழுவதற்கு மறுக்கும் காலத்திலே, படிப்பறியாதார் என்று நாம் ஒதுக்கும் மக்கள் இதை நடத்திக் காட்டினர். அச்சிபி இந்த ஏரியைக் கண்டிருந்தால், தம் நூலிலே இன்னும் ஓர் இயல் எழுதியிருப்பார் என்றே தோன்றுகிறது.

பழமையைக் கண்டதும் கைகூப்புவது நம் வழக்கமன்று. ஆகவே மறுபக்கத்தையும் புரட்டுவோம். பாட்டிலே பங்கு பெறுபவன் யார்? தலைக்கட்டு. தலைக்கட்டு என்பவன் யார்? குறிப்பிட்ட ஊரிலே, குறிப்பிட்ட மீனவர் சாதியிலே பிறந்த ஆண். பெண்ணுக்குத் தலை இருந்தும் தலைக்கட்டில்லை! இடுப்பளவு நீரிலே நின்று, கையாலே சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடிக்குப் பாடு இல்லை. பிழைப்புத் தேடி ஏரியிலே இறங்கிய ஒடுக்கப்பட்டோர்க்கும் கதவு மூடியே இருந்தது. அவர்கள் பங்கு கேட்டபோது பகை மூண்டது. சச்சரவும் வழக்கும் வளர்ந்தன. நீர் சுருங்க, மீன் குறைய, பகை கூடிற்று. முறை வைத்துப் பகிர்வது என்ற அருமையான கருத்தைக் கண்டவர்களே, 'முறை எவருக்கு?' என்ற கேள்விக்குப் பிறப்பைக் காட்டி விடை சொன்னார்கள். சமத்துவம் இருந்தது, வேலிக்குள்ளே.

இப்படிச் சொல்வதால், 'பாட்டை ஒழி, ஏரியை ஏலம் விடு' என்போர்க்கு நாம் துணைபோவதாக எவரும் கருத வேண்டாம். ஏலம் விட்டால் ஏரி பணக்காரனுக்குப் போகும். சுழலும் முறை இருக்கட்டும். சுற்றிலும் உள்ள சாதி வேலி போகட்டும் என்பதே நம் கட்சி. வேலியைப் பிடுங்க, ஊரிலே உள்ள முற்போக்கு இளைஞர்தாம் முதற்கை நீட்ட வேண்டும். அது கசப்பான வேலை.

சட்டம் ஒரு வழி காட்டத்தான் செய்தது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் சரிபாதியும் ஒதுக்கின. ஆகவே இன்று ஒரே ஊரிலே இரண்டு பஞ்சாயத்துகள்! வாக்குச் சீட்டிலே பிறந்தது ஒன்று. பெண் அதிலே தலைவியாகவும் அமரலாம். வழக்கத்திலே பிறந்த ஊர்ப் பஞ்சாயத்து மற்றொன்று; வலை, வழக்கு, அபராதம் எல்லாம் அங்கேதான் தீர்க்கப்படும், அங்கே பெண்ணுக்கு நிற்கவும் இடமில்லை. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஆண். அறிவிப்புப் பலகை எங்கே இருக்கிறதோ அங்கே பெண். இதைக் கண்டும் காணாததுபோல இருக்கின்றனவே, நம் கட்சிகள்!

காட்டுப்பள்ளிக்கு வருவோம். எல் அண்ட் டி நிறுவனம் அமைத்த துறைமுகம், 2018-இல் அதானி குழுமத்தின் கைக்குச் சென்றது. இடம்பெயர்ந்த குடும்பத்தார்க்கு வேலை என்றனர். கிடைத்ததோ ஒப்பந்த வேலை. நிலையான வேலை கேட்டு அவர்கள் தெருவிலே நின்றனர். பின்னர் வந்தது விரிவாக்கத் திட்டம். ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் கையாளும் துறையை 320 மில்லியன் டன்னுக்கு உயர்த்துவது. 330 ஏக்கரை 6,111 ஏக்கராக்குவது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலே இருப்பது ஒரு மணல் திட்டு. அது அரிக்கப்பட்டால் ஏரியே கடலாகிவிடும் என்று மீனவர் அஞ்சுகின்றனர். அச்சம் கற்பனையா? சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினாவில் மணல் குவிந்தது. வடக்கே இராயபுரக் கரையைக் கடல் தின்றது. பாடம் பக்கத்திலேயே இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

2021 ஜனவரி 22-இல் நடப்பதாக இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலையொட்டி, அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின் இத்திட்டத்தை எதிர்த்து உறுதி கூறினார். ஆட்சி மாறிற்று. 2023 செப்டம்பர் 5-க்கு மீண்டும் கூட்டம் அறிவிக்கப்பட்டது, மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. அறிவித்தவர் எவர் காலத்து அதிகாரிகள்? உறுதிமொழி கொடுத்தவரின் ஆட்சியிலே அல்லவா! இயக்கத்தின்பால் அன்பு கொண்டவர்கள் இதைக் கேட்கத் தயங்கினால், பிறர் கேட்பர். கேட்கும் முறையும் வேறாக இருக்கும்.

நைஜீரியாவிலே எண்ணெய் கண்டது 1956-இல், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில், ஒலோய்பிரி என்னும் ஊரிலே. செல்வம் தலைநகருக்குப் போயிற்று, கசிவு சதுப்பிலே தங்கிற்று, மீன் செத்தது. ஒகோனி மக்களுக்காக வாதாடிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் எண்மரையும் 1995 நவம்பர் 10-இல் தூக்கிலிட்டது படை ஆட்சி. நம் கரையிலே தூக்குமேடை இல்லை, எண்ணெய் இருக்கிறது. 2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் கருத்தபோது, வாளி கொண்டு அள்ளினார்கள் மனிதர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்திலே மீண்டும் எண்ணூர்க் கழிமுகத்திலே எண்ணெய் மிதந்தது. வல்லரசுக் கனவு காணும் நாட்டின் கருவி, வாளி!

அந்தக் கழிமுகத்து வரலாற்றிலே அச்சிபியின் நூலுக்கு ஒரு மறுமொழியும் கிடைக்கிறது. 2002 சூலையிலே எஸ்கிராவோசிலுள்ள செவ்ரான் எண்ணெய் நிலையத்துக்குள் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆயுதமின்றிப் புகுந்தனர். வேலையும் மின்விளக்கும் கேட்டு நாட்கணக்கில் அகலாதிருந்தனர். நிறுவனம் இறங்கிவந்து பேச நேர்ந்தது. அவர்கள் எந்தப் பெருந்தலைவனுக்காகவும் காத்திருக்கவில்லை. நூல் எழுதி இருபதாண்டுக்குள் நடந்தது இது.

தலைவரே வேண்டாம் என்கிறோமா? இல்லை. மீனவர் குடியிலே பிறந்து, 1923-இல் சென்னையில் மே நாள் கொண்டாடி, 'குடி அரசு' ஏட்டிலே அறிவியலும் பொதுவுடைமையும் எழுதிய சிங்காரவேலரை மறப்போமா? இன்று அவர் பெயர் மீனவர் வீட்டு வசதித் திட்டத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அவர் குப்பத்தாருக்கு ஏட்டைக் கொடுத்தார், படிக்கச் சொன்னார், எதிர்த்துக் கேட்கச் சொன்னார். பெயரைச் சுவரிலே எழுதியவர்கள் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஏட்டைக் கொடுப்பது என்றேன். சுற்றுச்சூழல் தாக்கம் பற்றிய அறிக்கை, நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்திலே இருக்கும். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி வட்டார மொழியிலே தரவேண்டியது சுருக்கம் மட்டுமே. தமிழை ஆட்சிமொழியாக்கப் போராடியவர்களின் நாட்டிலே, தன் ஏரி என்னவாகும் என்பதைத் தமிழன் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதுமாம்! மூன்றாம் முறை கூட்டம் அறிவிக்கப்படுமானால், முழு அறிக்கையும் தமிழிலே, குப்பந்தோறும், ஒரு மாதம் முன்னதாக வைக்கப்பட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்களின் பெயர்ப் பட்டியலோடு பேச்சாளர் வரிசை முடிந்துவிடக் கூடாது. இடுப்பளவு நீரிலிருந்து ஏறிவரும் இருளர் பெண் அன்றைய கூலியை இழக்காமல் வந்து பேசத்தக்க நேரத்திலே கூட்டம் நடத்த வேண்டும். அவள் சொல்வதை எழுதிக்கொள்ளும் அதிகாரி, அதை அவளுக்கே தமிழில் படித்துக் காட்டிய பிறகு கையொப்பமிட வேண்டும்.