புஸ்ஸி வீதியில் ஒரு எக்லேர்

புதுச்சேரி போனால் கடற்கரைக்கு முன்பே கேக் கடைக்குத்தான் போவோம், நானும் தோழியும். ஆளுக்கொன்று வாங்கிப் பாதி பாதி. ஒரே செலவில் இரண்டு ருசி.

புஸ்ஸி வீதியிலுள்ள ‘பேக்கர் ஸ்ட்ரீட்’ கடையில் என் தேர்வு எக்லேர். மாவை முதலில் அடுப்பில் கிண்டி, ஆறவைத்து முட்டை சேர்ப்பார்கள். ஈஸ்ட் கிடையாது. ஓவன் சூட்டில் மாவின் ஈரம் ஆவியாகி உப்பவைக்க, நடுவில் பொந்து விழுகிறது. க்ரீமுக்கு அதுதான் இடம். அவளுக்கோ க்ரொஸான். வெண்ணெயை மாவுக்குள் பொதிந்து, மூன்று மடிப்பாக மூன்று தடவை மடித்தால் வெண்ணெய் மட்டுமே 27 அடுக்கு. கடிக்குமுன் பிய்த்துப் பார்ப்பாள்: உள்ளே தேன்கூடாய் அறைகள் தெரிய வேண்டும், மேல்பொருக்கு சட்டையெல்லாம் உதிர வேண்டும். இரண்டும் இருந்தால்தான் பாஸ்.

1954இல் பிரெஞ்சு ஆட்சி போனது, கேக் போகவில்லை. ஆனால் இந்த ஊரின் சொந்தச் சரக்கு கண்ணாடிப் பெட்டிகளில் அவ்வளவாகத் தென்படாத விவிக்கம். மைதாவுக்குப் பதில் நம் ரவை, தாராளமாக வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய உலர்பழங்கள், கிறிஸ்துமஸ் பலகாரம். எக்லேரைப் பாரிஸிலும் தின்னலாம். விவிக்கத்துக்கு டிசம்பரில் புதுச்சேரி வீடொன்றில் நமக்கு ஆள் தெரிந்திருக்க வேண்டும்.