நாற்பதைத் தாண்டாதே

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட்டில் இருக்கும் லைகாமிங் நிறுவனம், சிறு விமானங்களுக்கான பிஸ்டன் இன்ஜின்களைச் செய்கிறது. புது இன்ஜினையோ சிலிண்டர் மாற்றிய இன்ஜினையோ பூட்டிப் பறப்பவர்களுக்கு அது சொல்வது தெளிவானது: 65 முதல் 75 விழுக்காடு சக்தியில் பறங்கள், ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை சக்தியைக் குறைத்து நெடுநேரம் பறக்காதீர்கள். நம் ஊர்ப் பட்டறையில் ரீபோர் முடிந்த (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்த) காரை எடுக்கப்போனால் கேட்பது வேறு: "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதீங்க சார், ரன்னிங் இன்ல இருக்கு."

விமானத்திலும் காரிலும் சிலிண்டருக்குள் நடக்கும் உரசல் ஒரே வகைதான். அப்படியிருக்க அறிவுரை மட்டும் ஏன் எதிரெதிர்த் திசையில் போகிறது? இதற்கு விடை தேட, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சிலிண்டர் சுவரில் எப்படி உட்காருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

போர் போட்டபின் சிலிண்டர் சுவரை ஹோனிங் கல்லால் தேய்ப்பார்கள். சுவரெங்கும் குறுக்கும் நெடுக்குமாகச் சில மைக்ரான் ஆழக் கீறல்கள் விழும். பள்ளங்களில் ஆயில் தங்கும். மேடுகள் புது ரிங்கின் முகத்தோடு உரசித் தேய்ந்து, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்தும். இந்தப் பொருத்தம்தான் கம்ப்ரஷனைக் காக்கிறது, ஆயில் மேலேறி எரியாமல் தடுக்கிறது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மேல் ரிங்கைப் பொறுத்தவரை அந்த விறைப்பு சிறியது. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து வெளிநோக்கித் தள்ளுவதே பெரிய விசை. ஆக்ஸிலரேட்டரை மிதித்து இன்ஜினுக்குச் சுமை கொடுத்தால்தான் அந்த வாயு அழுத்தம் உயரும். சுமையே இல்லாமல் உருட்டிக்கொண்டிருந்தால் ரிங் சுவரை முழுதாகத் தொடாது. நடுவில் நிற்கும் ஆயில் கருகிக் கீறல்களை அடைத்துவிடும். சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்டால் அதன்பின் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் உட்காராது. வண்டி ஆயில் குடிக்கும், நீலப் புகை தள்ளும், கடைசியில் மறுபடி பிரித்து ஹோனிங் செய்ய வேண்டிவரும்.

அப்படியானால் "நாற்பதைத் தாண்டாதே" என்பது வெறும் மூடநம்பிக்கையா? இல்லை. அந்தச் சொல்லுக்குள் ஒரு தலைமுறையின் பட்டறிவு இருக்கிறது. சூடேறினால் அலுமினியப் பிஸ்டன் வார்ப்பிரும்புச் சிலிண்டரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். லேத்தில் இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கமாக விட்டிருந்தால், நெடுஞ்சாலையில் தொடர்ந்து விரட்டும்போது பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும், இன்ஜின் சீஸ். புதுப் பேரிங்கும் தொடக்கத்தில் கூடுதல் சூட்டை உண்டாக்கும். இந்த ஆபத்துகளைப் பார்த்துப் பார்த்துத்தான் மூத்த மெக்கானிக்குகள் அந்த எச்சரிக்கைக்கு வந்தார்கள். அவர்களுடைய அச்சம் சரியானது. ஆனால் அவர்கள் அஞ்சியது சூட்டுக்கு, சொன்னதோ வேகத்துக்கு. டாப் கியரில் நாற்பதில் போய், மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் முக்கிக்கொண்டே இழுத்தால் ஸ்பீடோமீட்டர் பத்தியமாகத்தான் காட்டும். பேரிங்குக்கோ அது நேரடித் துன்பம்.

இதைவிட என்னை வருத்துவது இன்னொரு வழக்கம். ரீபோர் முடிந்த இன்ஜினைப் பூட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிடுவது. "தானா தேஞ்சு செட்டாகட்டும்" என்பது எண்ணம். செட்டாவதற்கு வேண்டிய வாயு அழுத்தம் ஐடிலில்தான் மிகக் குறைவு. ஆயில் அழுத்தமும் அப்போதுதான் குறைவு. கார்புரேட்டர் வண்டியில் கலவை கொழுத்திருந்தால் எரியாத பெட்ரோல் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின் போன்ற பழைய புஷ்ராடு இன்ஜின்களில் இது இன்னும் கொடியது. அவற்றின் கேம், தட்டை முகமுள்ள டாப்பெட்டின்மேல் நேராக உரசுகிறது. அந்த இடத்துக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிக்கும் தெறிப்பிலிருந்தே போகிறது. புதுக் கேம் போட்டிருந்தால், இன்ஜின் பிடித்த நொடியிலிருந்து 20 முதல் 30 நிமிடம் 2000 – 2500 ஆர்பிஎம்மில், அவ்வப்போது ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். ஐடிலில் விட்டால் கேமின் மூக்கு அந்த முதல் அரைமணியிலேயே மழுங்கக்கூடும். இன்றைய பெட்ரோல் ஆயில்களில், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகத் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மானத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஆகவே பழைய இன்ஜினுக்கு எந்த ஆயில் என்பதையும் யோசித்தே ஊற்ற வேண்டும். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றிக்கொள்ளும் சிறு பொறுமை இருந்தால் பேரிங் வறண்டு உரசாது. முதல் அரைமணியை இப்படிக் கெடுத்துக்கொண்டு, பிறகு ஆயிரம் கிலோமீட்டர் விரதம் இருப்பதால் பயனில்லை.

ஷோரூமிலிருந்து வரும் புதுக் காரின் கதை வேறு. ஹோனிங்கின் கூர்மேடுகளைத் தொழிற்சாலையிலேயே இரண்டாம் கட்டத் தேய்ப்பில் மழுக்கிவிடுகிறார்கள். இடைவெளிகளை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள். ரிங் உட்காரும் வேலையில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அதனால் கையேடுகளின் தொனியும் மாறியிருக்கிறது. சுசுகியின் கையேடு முதல் 960 கிலோமீட்டருக்கு, நின்ற இடத்திலிருந்து முழு ஆக்ஸிலரேட்டரில் கிளம்புவதைத் தவிர்க்கச் சொல்கிறது. கூடவே, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதே, மேல் கியரில் மெதுவாக உருட்டாதே என்றும் சொல்கிறது. பிஎம்டபிள்யூ பெட்ரோல் கார்களுக்கு முதல் 2000 கிலோமீட்டரில் தரும் எல்லை 4500 ஆர்பிஎம், மணிக்கு 160 கிலோமீட்டர். நாற்பது எங்கே, நூற்று அறுபது எங்கே! புதுக் கார் எடுத்த கையோடு குடும்பத்தோடு திருப்பதிக்குப் போகிறவர்கள் மலைப்பாதையை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. கீழ் கியரில், ஆர்பிஎம்மை நடுத்தரத்தில் வைத்து ஏறினால் அந்தச் சுமை இன்ஜினுக்கு ஒத்துக்கொள்ளும். இரவோடிரவாகக் கன்னியாகுமரி வரை நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போவதுதான் அதற்கு ஆகாதது.

இதற்கு எதிர்முனையில், முதல் நாளே முழு ஆக்ஸிலரேட்டரில் அடி என்னும் கட்சி ஒன்றும் வளர்ந்திருக்கிறது. ரிங்குக்குச் சுமை வேண்டும் என்ற உண்மையைப் பற்றிக்கொண்டு அது எல்லை தாண்டிவிட்டது. பந்தய இன்ஜினை ஓரிரு பந்தயத்துக்குப் பின் பிரித்துவிடுவார்கள். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டிய காருக்கு அது அளவுகோல் ஆகாது. ரிங் ஒன்று மட்டுமா புதிது? பேரிங், கியர், டயர், பிரேக் பேட் எல்லாமே புதிதுதான். முதல் 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் வேண்டாமென்று ஹோண்டா கேட்டுக்கொள்வதும் இதனால்தான். நன்றாகச் சூடான இன்ஜினில், நடு கியரில், பாதிக்கு மேல் முக்கால்வரை மிதித்து வேகமெடுத்து, பிறகு காலை எடுத்து இன்ஜின் பிரேக்கிலேயே வேகம் குறையவிட வேண்டும். இதைச் சில முறை செய்துவிட்டு, சூடு தணிய இயல்பாக ஓட்டலாம். ரிங்கின் தேவையும் பேரிங்கின் தேவையும் சந்திக்கும் இடம் இதுவே என்று நான் நினைக்கிறேன்.

சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் ரிங் உட்காராது என்ற பேச்சையும் இங்கே சொல்லிவிடலாம். 1992 முதல் கார்வெட் கார்கள் சிந்தெடிக் ஆயிலோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளிவருகின்றன. அவற்றின் ரிங்குகள் உட்காரத்தான் செய்கின்றன. ரீபோர் செய்த வார்ப்பிரும்புச் சிலிண்டருக்கு மட்டும் முதல் சில நூறு கிலோமீட்டர் சாதாரண மினரல் ஆயிலில் ஓட்டி, ஃபில்ட்டரோடு வடித்துவிடுவது நல்லது. இரும்புத்தூளும் ஹோனிங் கல்லின் மிச்சமும் அதோடு போகும்.

கடைசியாக ஒரு மனக்குறை. ரீபோர் செய்த வண்டி புகைதள்ளித் திரும்பி வந்தால், "நீங்க ரன்னிங் இன் சரியா பண்ணல" என்ற ஒரு வரியில் பழி முழுக்க ஓட்டியவர்மேல் விழுகிறது. போர் வளைந்திருந்ததா, ஹோனிங் தூள் கழுவப்படாமல் இருந்ததா, ரிங் முனை இடைவெளி தவறா என்று யாரும் கேட்பதில்லை. பல்லாயிரம் ரூபாய் செலவழித்தவர் வாயடைத்து நிற்கிறார். இதற்கு வழி இருக்கிறது. லேத் பட்டறை பில்லோடு ஒரு தாள் தரட்டும்: ஒவ்வொரு சிலிண்டரின் அளவு, பிஸ்டன் இடைவெளி, ரிங் முனை இடைவெளி, ஊற்றிய ஆயில், ஹெட் டைட் செய்து டாப்பெட் செட் பண்ண வர வேண்டிய கிலோமீட்டர். ஓட்டுபவரும் 200 கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்து, எவ்வளவு குறைந்தது என்று அதே தாளின் பின்பக்கம் எழுதிவரட்டும். ஆயில் குறைவது நின்று ஒரே அளவில் நிலைத்தால் ரிங் உட்கார்ந்துவிட்டது; குறைந்துகொண்டே போனால், தாளோடு பட்டறைக்குத் திரும்பிப் போய் எந்த அளவு பிசகியது என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.