யாருடைய செயல்திறன்?

2020க்குப் பிறகு கல்வியியல் ஆய்வேடுகளில் 'பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி ஆசிரியர்களின் கற்பித்தல் செயல்திறன்' என்கிற தலைப்பு அலுக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது. முறையியல் எளிது. ஒரு கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவது. இணையவழி வகுப்பில் நீங்கள் எவ்வளவு திறம்படச் செயல்பட்டீர்கள் என்கிற ரீதியில் கேள்விகள். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைத் தொட்டால் போதும், அறிவு உற்பத்தியாகிவிடும். இந்தப் படிவத்தையும் ஒரு பிரதியாக வைத்து வாசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

முதலில் அதன் இலக்கணம். வாக்கியத்தின் எழுவாய் ஆசிரியர். கட்டடம், கரும்பலகை, மின்சாரம், ஊதியம் எதுவும் வாக்கியத்துக்குள் வருவதில்லை. கற்பித்தல் என்பது ஆசிரியரின் உடம்புக்குள் இருக்கும் ஏதோ ஒரு சரக்கு, தொற்று வந்ததும் அது குறைந்ததா கூடியதா என்று நிறுத்துப் பார்க்கலாம் என்கிற கற்பிதம் இங்கே வேலை செய்கிறது. கியூபெக் அரசின் உயர்கல்வி அமைப்புக்காக எழுதி 1979இல் வெளியிட்ட அறிக்கையில் லியோதார், இனி அறிவின் நியாயம் உண்மையோ விடுதலையோ அல்ல, செயல்திறன்தான் என்றார். தகவலைக் கடத்துவதில் பேராசிரியர் நினைவு வங்கிகளை விடத் தேர்ந்தவர் அல்ல என்றும் சொன்னார். நம் ஊரில் அதற்கு ஒரு நோய் வர வேண்டியிருந்தது.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு வருவோம். இங்கிருந்து கல்லூரிக்குப் போகிறவர்களில் பலர் முதல் தலைமுறை. அப்பா வயலிலோ சேதராப்பட்டு கம்பெனியிலோ, அம்மா நூறு நாள் வேலையில். கல்லூரி என்பது இவர்களுக்குப் பாடத்திட்டம் மட்டுமல்ல. அப்போதைய ஒரு ரூபாய் மாணவர் பஸ், வீட்டை விட்டு வெளியே வரும் ஐந்தாறு மணி நேரம், சாதித்தெருவைக் கடந்த சிநேகம் எல்லாம் சேர்ந்தது. 2020 மார்ச்சில் இது மொத்தமும் ஒரு செல்போனுக்குள் போனது. அந்தப் போனும் தம்பியோடு பங்கு. 2017-18இன் தேசிய மாதிரி ஆய்வுப்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தவை 14.9 சதவீதம், கணினி இருந்தவை 4.4. பக்கத்துத் தமிழ்நாட்டில் நாளுக்கு 2 ஜிபி டேட்டா அட்டை அறிவித்ததே 2021 ஜனவரியில்தான்.

'கேக்குதா? தெரியுதா?' என்று கேட்டுக்கேட்டே பாதி நேரம் போனது. கறுப்புக் கட்டங்களைப் பார்த்து நான் பாடம் சொன்னேன். 'நெட் போயிடுச்சு சார்' என்றவள் நெல் தூற்றிக்கொண்டிருந்திருப்பாள், சொல்ல மாட்டாள். சக ஆசிரியை ஒருவர் குக்கர் விசில் கேட்டுவிடக் கூடாதென்று அரிசியை வடித்தார். இதற்கெல்லாம் ஐந்தில் எத்தனை?

நன்னூல் பொதுப்பாயிரத்தில் பாடம் சொல்வதற்கும் கேட்பதற்கும் பவணந்தி தனித்தனியாக இலக்கணம் வைத்தார். கேட்கிறவன் எந்த மட்டில் வாங்கிக்கொள்கிறான் என்றறிந்து சொல்வதே அங்கே கற்பித்தல். (யாருக்குச் சொல்லக் கூடாது என்றும் ஒரு பட்டியல் போட்டவர் அவர். அவரைக் கொண்டாட நான் வரவில்லை.) ஆனாலும் கற்பித்தல் இருவருக்கு நடுவே நடக்கிறது என்பதாவது அந்த மரபுக்குத் தெரிந்திருந்தது. கேட்கிறவளின் முகமே இல்லாதபோது ஆசிரியரிடம் தனியாக எதை அளப்பது?

பாகூருக்குக் கல்லூரி புதிதல்ல. நிருபதுங்கவர்மன் காலத்து, ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. ஆசிரியரும் மாணவரும் அந்த வருவாயில் உண்டு படித்தார்கள். அந்த ஊர்களில் உழுதவர்களின் பிள்ளைகள் அங்கே நுழைந்திருப்பார்களா என்று கேட்கவே தேவையில்லை. பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுவார்கள். பதினோரு நூற்றாண்டு கழித்து உழுகிறவர்களின் பெண்கள் கல்லூரிக்குள் வந்தார்கள். வந்த சூட்டோடு கல்லூரி எழுந்து அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டது, அவர்கள் செலவில்: அவர்கள் கரண்ட், அவர்கள் ரீசார்ஜ், அவர்கள் திண்ணை. அன்றும் கல்விக்குப் படியளந்தது இவர்கள்தான். நிறுவனத்தின் செலவு ஆசிரியர் மேலும் மாணவி மேலும் இறங்கிய இந்தக் கைமாற்றத்தைத்தான் 'செயல்திறன்' என்கிற சொல் மறைக்கிறது.

கௌரவ விரிவுரையாளர் விஷயம் இன்னும் அப்பட்டமானது. 2019 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று நிர்ணயித்தது. நான் அறிந்த ஒரு கல்லூரியில் அதில் பாதிகூடக் கிடையாது. ஊரடங்கில் அங்கே இணைய வகுப்புக்கு மணிக்கணக்குப் போட மறுத்தார்கள். அதே வகுப்பின் திரைப்படத்தைத் தேதிவாரியாக வாங்கி, நாக் கோப்பில் வைத்தார்கள். சம்பளப் பட்டியலில் அது வகுப்பல்ல, தர மதிப்பீட்டில் அது வகுப்பு. ஆசிரியரைச் சோம்பேறி என்கிற நடுத்தர வர்க்கப் பொதுப்புத்திக்கு இந்தக் கோப்புகள் கண்ணில் படுவதேயில்லை.

முதலாளியைச் செழிக்கவைக்க உழைக்கும் பள்ளி ஆசிரியரை மூலதனத்தில் உதாரணம் காட்டிய மார்க்ஸ், அவர் முதலாளி பணத்தைப் போட்டது கற்பித்தல் தொழிற்சாலையிலா, தொத்திறைச்சித் தொழிற்சாலையிலா என்பதால் உறவு மாறிவிடாது என்றார். இங்கே தொழிற்சாலையையும் தொழிலாளியே கொண்டுவர வேண்டியதாயிற்று.

தொற்று அடங்கியது, ஏற்பாடு அடங்கவில்லை. இரண்டாம் அலையில் ஊரெல்லாம் ஆக்சிஜனுக்கு அலைந்த 2021 மே மாதத்தில், எந்தப் பாடத்திலும் 40 சதவீதம்வரை இணையவழியில் நடத்தலாம் என்று மானியக் குழு ஒரு கருத்துக்குறிப்பை வெளியிட்டது. அந்த 40 சதவீதம் கௌரவ விரிவுரையாளரின் மணிக்கணக்கில் சேருமா, அதற்கான போனையும் டேட்டாவையும் யார் தருவது என்பதை நம் ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.